அல்பேர்ட்டின் வானுக்கடியில் ஒரு நட்டு

அல்பேர்ட்டின் வானுக்கு அடியில் இருந்த, ஒயில் வடிக்கிற நட்டைப் பற்றிக் கொக்கிளாயில் இருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும் பல கதைகள் உலாவுகின்றன. அதைக் கழற்ற முல்லைத்தீவில் இருந்து கிரேன் வந்தது என்றுகூட ஒருவன் சொன்னானாம். பொய். கிரேன் வரவில்லை. நான் அல்பேர்ட் வீட்டுக்குப் பக்கத்து வளவுக்காரன், பெயர் சவிரி. இடையில் இருப்பது ஒரு கிடுகு வேலி, அதில் கிடுகைவிட ஓட்டைதான் கூட. ஆகையால் நடந்ததைக் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லுவேன்.

அல்பேர்ட்டுக்கு அறுபத்திரண்டு வயது. கடற்றொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்து, அலையைக் கண்டால் தலைசுற்றுகிறது என்று கரையிலேயே நின்று சாரதியான ஆள். அவனிடம் ஒரு வெள்ளை வான். எங்கள் சனத்தின் பிள்ளைகளில் பதினொன்று ஆசுபத்திரி போய்ச் சேர முந்தி அந்த வானுக்குள்ளேயே பிறந்தன. அதில் ஒன்று முன் சீற்றில் பிறந்தது. அது இப்போது பஸ்ஸில் கொண்டக்ரராக இருக்கிறது.

ஆவணி மாதம் மடு மாதாவின் திருநாள் வந்தால், வானில் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டு, கூரையில் கூடாரம் போடத் தறப்பாளும் சட்டிபானையும் கட்டிக்கொண்டு அல்பேர்ட் புறப்படுவான். அது அவன் வைத்த நேர்த்திக்கடன். அவன் மகள் டக்சாயினிக்கு நாலு வயதில் புடையன் பாம்பு கடித்தது. நாங்கள் இடம்பெயர்ந்து அளம்பிலில் இருந்த காலம். வைத்தியர் இல்லை, மருந்து இல்லை. யாரோ வைத்திருந்த மடுக் கோயில் மண்ணைக் கரைத்துப் பூசினார்கள், பிள்ளை எழும்பி இருந்து பாண் கேட்டது. அன்றைக்கு அல்பேர்ட் சொன்னான், தான் உயிரோடு இருக்கும்வரைக்கும் சனத்தை மாதாவிடம் ஏற்றிப் போவதாகவும், போக முந்தித் தன் கையாலேயே வாகனத்துக்கு ஒயில் மாற்றுவதாகவும். கராஜ் பக்கம் போகமாட்டான். சண்டை வழிவிட்ட வருஷங்களில் எல்லாம் போனான். ஒருமுறை ஒட்டுசுட்டானுக்கு அங்கால் ஒரு கொம்பன் யானை வானை மறித்தது. உள்ளே பெண்டுகள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். யானை செபமாலையின் ஐந்து காரணிக்கமும் முடியும்வரைக்கும் நின்றது. கடைசியில் ஆமென் சொன்ன பிறகுதான் காட்டுக்குள் இறங்கியது. நான் இரண்டாம் சீற்றில் இருந்தேன்.

இந்த வருஷம் குருத்தோலை ஞாயிறு அன்று பவனியில் அல்பேர்ட்டின் கையில் இருந்து குருத்தோலை விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தேன். திரும்பவும் விழுந்தது. மூன்றாம் முறை ஓலையைத் தொடர்ந்து அவனே விழுந்தான். பாரிசவாதம். வலக் கையும் வலக் காலும். மாவட்ட ஆசுபத்திரியில் பதினேழு நாள் வைத்திருந்து, நடக்கப் பண்ணி, அமத்திப் பழகச் சொல்லி ஒரு ரப்பர் பந்தும் கொடுத்து விட்டார்கள். அவன் அமத்திய அமத்தலில் அந்தப் பந்து இரண்டு மாதத்தில் தேசிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் வானை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போனான். டக்சாயினியும் அவளுடைய கைக்குழந்தையும் பின்னால் இருந்தார்கள். வழியில் வலை காயப்போட்டிருந்த கம்புகளை இடித்தான். இடித்தது அவனுக்குத் தெரியவில்லை. வலை கொழுவி இழுபட்டுக்கொண்டே வந்தது. இறங்குதுறையில் நிற்பாட்டியபோது வலைக்குள் இரண்டு கோழியும் ஒரு சைக்கிளும் கிடந்தன. அந்தக் கிழமை எங்கள் ஊரில் அதைவிட நல்ல மீன்பாடு யாருக்கும் விழவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். டக்சாயினி சிரிக்கவில்லை. குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, வீடுவரைக்கும் வெயிலில் நடந்தே வந்தாள்.

திருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, வழக்கம்போல வானுக்குப் பெயர் கொடுக்கச் சனம் வந்தது. வந்தவர்கள் அல்பேர்ட்டைப் பார்த்தார்கள், பிறகு அவன் மருமகன் டிலக்ஸனைப் பார்த்தார்கள். டிலக்ஸன் களப்பில் இறால் பிடிக்கிறவன். சாரதிப் பத்திரமும் இருக்கிறது, ஆனால் வானைக் கிளப்புகிற திறப்பை மாமனார் அவனிடம் இன்னும் கொடுத்ததில்லை.

"ஆர் வான் ஓடுறது எண்டு கேக்க வெக்கப்படுறியள் என்ன," என்றான் அல்பேர்ட். "நானே சொல்லுறன். இந்தக் கிழமை ஒயில் மாத்துவன். அந்த நட்டை என்ர கையாலை கழட்டினால் நான்தான் ஓடுவன். கழட்ட ஏலாட்டி திறப்பை இவனிட்டைக் குடுத்திட்டு, சீற்றிலை இருந்து செபமாலை சொல்லிக்கொண்டு வாறன். சரியோ."

சனம் சரி என்றது. வேறு என்ன சொல்லும்.

திங்கட்கிழமை காலை குழி வெட்டினார்கள். எங்கள் ஊர் மணல் ஜக் தாங்காது. வானைத் தூக்கப் பார்த்தால் வான் நின்ற இடத்தில் நிற்கும், ஜக்தான் கீழே போகும். ஒருவனுடைய ஜக் போய்க்கொண்டே இருந்தது, இன்றுவரை வரவில்லை. ஆகவே நாங்கள் வாகனத்தைத் தூக்குவதில்லை, நிலத்தைத் தாழ்த்துவோம். சில்லுகளுக்கு இடையில் ஆள் கிடக்கிற அளவுக்கு ஒரு குழி வெட்டி, அதற்கு மேலே வானைக் கொண்டுவந்து விடுவோம். குழி வெட்ட எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஊர் ஊராய்ப் பங்கர் வெட்டிக்கொண்டு வந்தவர்கள். டிலக்ஸன் கால் மணித்தியாலத்தில் வெட்டி முடித்தான். அளவு எடுக்காமலே அல்பேர்ட்டின் நீளத்துக்கும் அகலத்துக்கும் சரியாக வந்தது.

அல்பேர்ட்டின் மனைவி றோஸ்மேரி வந்து எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் அகலமாய் வெட்டு. பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு," என்றாள்.

டிலக்ஸன் அகலமாக்கினான்.

வானைக் கொண்டுவந்து குழிக்கு மேலே விட்டு, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார்கள். ஒயில் சூட்டோடு இருந்தால்தான் கசடும் சேர்ந்து வடியும். பிறகு அல்பேர்ட் திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டி, பின்புறமாகச் சரிந்து குழிக்குள் இறங்கினான். நட்டுக் கழற்றுகிற பதினேழாம் நம்பர் வளையச் சாவியை நான் கொடுத்தேன். ரோர்ச் லைற் பிடிக்கிறதும் நான்தான். எத்தனையோ வருஷமாக அது என் உத்தியோகம்.

அல்பேர்ட் சாவியை நட்டில் மாட்டினான். இடக் கையால் பிடித்தான். இழுத்தான். நட்டு அசையவில்லை. வலக் கையைத் தூக்கி இடக் கைக்கு மேலே வைத்து இழுத்தான். வலக் கை வழுக்கி நெஞ்சில் விழுந்தது. மற்றப் பக்கம் புரண்டு இழுத்தான். காலை முண்டு கொடுத்து இழுத்தான். வான் கொஞ்சம் ஆடியது. நட்டு ஆடவில்லை. கச்சான் காற்று குழிக்குள் மணலை வாரி வாரிப் போட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

"களப்புத் தண்ணிக்குள்ளாலை போய் வந்த துரு," என்றேன். "பதினாறு வயதுப் பெடியனாலும் ஏலாது."

"மாமா, ஒரு குழாயைச் செருகி இழுத்தால் வந்திடும்," என்றான் டிலக்ஸன்.

"குழாய் போட்டால் நட்டின்ரை மண்டை வழுக்கிப் போயிடும். பேந்து உன்ரை மண்டையைத்தான் அதிலை பூட்டோணும். உதுக்குத்தான் உன்னட்டைத் திறப்புத் தாறேல்லை."

"நான் சும்மா சொன்னனான் மாமா."

"சும்மா சொல்லுறதெண்டால் சவிரி அண்ணையிட்டை விடு. அவர் நெடுகச் சொல்லுறார்."

ஒன்றேகால் மணித்தியாலம் கிடந்தான். வெளியே வந்தபோது முகத்தில் மணலும் வியர்வையும் சேர்ந்து அப்பியிருந்தன. "இண்டைக்கு உது பிடிவாதத்திலை நிக்குது. வியாழக்கிழமை பாப்பம்," என்று சொல்லிவிட்டு, கதிரையில் இருந்து பந்தை எடுத்து அமத்தத் தொடங்கினான்.

அன்று பின்னேரம் குசினியில் றோஸ்மேரி புட்டுக்கு மாக் குழைத்தாள். மகள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தேன். ஆடு தின்று முடித்த பிறகும் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பா கழட்டாமல் விட்டது நல்லது," என்றாள் டக்சாயினி.

"வாயைக் கழுவு. உனக்காண்டித்தான் மனுசன் இந்த நேர்த்தியே வைச்சது."

"எனக்காண்டி வைச்ச நேர்த்தியிலை பதினாலு பேர் சாகோணுமோ. அண்டைக்கு வலைக் கம்பிலை இடிச்சது அவருக்குத் தெரியேல்லை அம்மா. நான் கத்தினனான். அதுவும் தெரியேல்லை. கால் பிரேக்கிலை கிடக்கோ, மற்றதிலை கிடக்கோ எண்டு குனிஞ்சு பாத்தவர். ஓடிக்கொண்டிருக்கேக்கை குனிஞ்சு பாத்தவர்."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே பேசாமல் இருக்கிறியள்."

"என்னத்தைப் பேச. அவர் தோத்துப் போனார் எண்டால் அந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டார். நான் அந்த மனுசனைக் குருத்தோலை ஞாயிறிலை இருந்து பாக்கிறன். நீ இரவிலை உன்ரை வீட்டை போயிடுவாய்."

"வெண்டால் என்ன செய்வியள். வான்லை ஏறிப் போவியளோ."

றோஸ்மேரி புட்டுக் குழலுக்குள் மாவைப் போட்டு, தேங்காய்ப் பூவைப் போட்டு, திரும்ப மாவைப் போட்டாள். "பக்கத்திலை இருந்து போவன்," என்றாள் கடைசியில். "நாப்பது வருஷம் பக்கத்திலைதான் இருந்து போனனான்."

புதன்கிழமை கிளினிக் நாள். டிலக்ஸன் மாமனாரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான். அவர்கள் சந்தி திரும்ப, றோஸ்மேரி வேலி ஓட்டைக்குள்ளால் தலையை நீட்டினாள். கையில் அந்தச் சாவி.

"அண்ணை, உங்கட கிணத்து மோட்டர்க் குழாய்த் துண்டு ஒண்டு கிடக்குமெல்லோ."

"கிடக்கு. என்னத்துக்கு."

"தெரிஞ்சுகொண்டு கேக்காதேங்கோ."

தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். டக்சாயினி சொன்னதும் என் காதில் கிடந்தது. ஆனால் எனது எழுபத்தாறு வயதில் ஒருத்தி வந்து உதவி கேட்கிறாள், அதுவும் முகத்தை அப்படி வைத்துக்கொண்டு. குழாயை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் ஏற்கெனவே நட்டைச் சுற்றி ஒரு துணியைச் சுற்றி ஊறவைத்திருந்தாள். மண்ணெண்ணெய் பாதி, அந்தோனியார் கோயிலில் மந்திரித்த எண்ணெய் பாதி. எது வேலை செய்தது என்று நான் சொல்லமாட்டேன், இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள். சாவியை மாட்டி, குழாயைச் செருகி, குழிக்குள் இருந்து அவள் தள்ள, மற்றப் பக்கம் நின்று நான் இழுத்தேன். முதல் இழுவைக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் இழுவைக்கு எனது முழங்கால் ஒன்று சத்தம் போட்டது. மூன்றாவதற்கு நான் போட்ட பலத்தில் நட்டு நின்ற இடத்தில் நிற்கப் பூமி கொஞ்சம் திரும்பியது. அன்றைக்குக் கொக்கிளாயில் பொழுது நாலு நிமிஷம் பிந்தித்தான் பட்டது, மணிக்கூடு வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். நாலாவதற்குத்தான் நட்டு 'டக்' என்றது.

ஒயில் சொட்ட முந்தித் திருப்பிப் பூட்டினேன்.

"எவ்வளவுக்கு இறுக்க," என்று கேட்டேன்.

"கனக்க வேண்டாம். ஆனால் சும்மா விட்டிடாதேங்கோ. அவருக்கு ஒரு வேலை செய்த மாதிரி இருக்கோணும்."

"போத்தில் மூடி அளவுக்கு இறுக்கட்டோ."

அவள் யோசித்தாள். "போத்தில் மூடி அவராலை ஏலாது அண்ணை. பாணி மருந்துப் போத்திலை முதல் நான் திறந்து, பேந்து லேசாய் மூடி வைக்கிறனான். அவர் வந்து திறந்து குடிப்பார். சட்டைப் பொத்தான் ஓட்டையை எல்லாம் பிளேட்டாலை கொஞ்சம் பெருசாக்கி வைச்சிருக்கிறன். தைலப் போத்தில், விளக்கு மூடி, எல்லாம் அப்பிடித்தான். அதிலும் கொஞ்சம் குறைய இறுக்குங்கோ."

அப்படியே இறுக்கினேன். வீடு முழுக்க நாலைந்து மாதமாக அவள் செய்து வந்த வேலையில் நான் செய்தது ஒரு நட்டு.

குழியில் இருந்து ஏறியபோது அவள், "ஓடினால் மெதுவாய்த்தான் ஓடுவார் என்ன," என்றாள். கேள்விபோலவும் இல்லை. நான் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை, அல்பேர்ட் குளித்துக்கொண்டிருந்த நேரம், டக்சாயினி வந்தாள். நேரே வானுக்குப் போனாள். குழி ஓரத்தில் கிடந்த துணியை மோந்து பார்த்திருக்க வேண்டும், மண்ணெண்ணெய் மணம் எங்கள் வளவுவரைக்கும் வந்தது. குழிக்குள் இறங்கிப் படுத்தாள். சாவி அவள் கையில் இருந்தது. அதே மாதிரித் திருப்பி இறுக்க இரண்டு நிமிஷம் காணும். அவள் பத்து நிமிஷம் கிடந்தாள். கிணற்றடியில் அல்பேர்ட் இடக் கையால் மட்டும் வாளியை இழுத்து ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாளிக்கும் அடுத்த வாளிக்கும் இடையில் நெடுநேரம் ஆகியது.

அவள் வெளியே வந்தாள். தலைமயிர் முழுக்க மணல். வேலியில் என்னைக் கண்டாள்.

"பெரியப்பா, நான் ஒண்டும் செய்யேல்லை."

"நானும் ஒண்டும் காணேல்லை, பிள்ளை."

"செய்திருக்கோணும்," என்று சொல்லி, சாவியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பின்னேரம் மூன்று மணிபோல எல்லோரும் கூடினோம். வெள்ளி விடியப் புறப்பட வேண்டும். கூரையில் கட்டத் தறப்பாள் மடித்து வைத்திருந்தது. பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் இரண்டு பேர், றோஸ்மேரியின் தமக்கை அன்னபாக்கியமும் அவளுடைய புருசனும், படலையடியில் நின்றார்கள். எஞ்சினைச் சூடாக்கி நிற்பாட்டினார்கள். அல்பேர்ட் நெற்றியில் சிலுவை போட்டு, திறப்பைப் பழைய சட்டையின் பையில் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினான். நான் மணலில் குப்புறப் படுத்து லைற்றைப் பிடித்தேன். டிலக்ஸன் தகர பேசினைத் தள்ளி வைத்தான். றோஸ்மேரி வீட்டுப் படியில் நின்றாள். டக்சாயினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றாள்.

அல்பேர்ட் இடக் கையால் சாவியை மாட்டினான். பிறகு இடக் கையாலேயே வலக் கையைத் தூக்கி, நித்திரைப் பிள்ளையின் கையை வைப்பது மாதிரிச் சாவியில் வைத்தான். ஒரு மூச்சு எடுத்து இழுத்தான்.

நட்டு திரும்பியது.

அவன் அப்படியே அசையாமல் கிடந்தான்.

"அண்ணை," என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"என்ன."

"அசைஞ்சிட்டுது."

"அப்ப நல்லம்தானே."

"திங்கக்கிழமை அசையேல்லை."

"அண்டைக்கு நீ இளக்கி விட்டிருப்பாய். இப்ப வருது."

"மண்ணெண்ணெய் மணக்குது."

"வானுக்கு அடியிலை மல்லிகைப்பூவோ மணக்கும்."

"நீங்களோ."

"நான் ஏன். மாதா செய்திருப்பா."

"மாதா பதினேழாம் நம்பர் சாவி வைச்சிருக்கிறாவோ."

"எல்லா நம்பரும் வைச்சிருப்பா."

அவன் சிரித்தான். சத்தம் வராத சிரிப்பு, நெஞ்சு மட்டும் குலுங்கியது. குழி ஓரத்து மணல் கொஞ்சம் சரிந்து அவன் கழுத்தில் விழுந்தது. பிறகு சாவியை எடுத்துவிட்டு, இடக் கை விரல்களால் நட்டைத் திருப்பினான். இரண்டு புரி வந்திருக்கும். ஒயில் கசிந்தது. ஒரு சொட்டு அவனுடைய வலக் கையின் புறத்தில் விழுந்தது. கறுப்பாக, மெல்ல ஆவி பறக்கிற சொட்டு. அதே இடத்தில் இன்னொரு சொட்டு. அவன் கையை உதறுவான் என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன். உதறவில்லை. மூன்றாவது சொட்டு விரல் இடுக்கால் ஓடியது. அவன் அந்தக் கையை, அது வேறு யாரோ ஒருவனுடைய கை என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுடேல்லை அண்ணை," என்றான்.

நான் எட்டி, நாலாவது சொட்டுக்கு என் விரலை நீட்டினேன். சுருக்கென்று சுட்டது. விரலை இழுத்துக்கொண்டேன்.

"சூடுதானே," என்று கேட்டான்.

ஆறிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இல்லை, வாயில் அது வரவில்லை.

"ஓம் தம்பி. சூடுதான்."

வெளியே அன்னபாக்கியத்தின் புருசன் இருமினான். கிணற்றடியில் குழந்தை ஏதோ கேட்டு அழ, டக்சாயினி அதை அமர்த்தினாள். அந்தச் சத்தத்தை அல்பேர்ட் தலையைத் திருப்பிக் கேட்டான்.

பிறகு இடக் கை விரல்களால் நட்டைத் திருப்பிப் பூட்டினான். ஒயில் நின்றது. சாவியை மாட்டி, இடக் கையில் இருந்த பலம் முழுவதையும் போட்டு இறுக்கினான். அது பெரிய பலம் இல்லை. வலக் கையைச் சாரத்தில் துடைத்தான்.

"லைற்றை நூருங்கோ அண்ணை," என்றான். லைற்றை அணைத்தேன்.

அவன் ஊர்ந்து வெளியே வந்தான். டிலக்ஸன் தூக்கிவிடப் போனான். வேண்டாம் என்று தலையை ஆட்டி, சில்லைப் பிடித்துத் தானே எழும்பினான். எழும்பி நிற்க எப்போதும்போல நேரம் எடுத்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வரேல்லை," என்றான்.

றோஸ்மேரி என்னைப் பார்த்தாள். நான் கூரையில் கிடந்த தறப்பாளைப் பார்த்தேன். தறப்பாள் கூரையில் இருக்கவில்லை, கீழேதான் இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"வராமல் எப்பிடி," என்றாள் அவள். "இன்னொருக்காப் பாருங்கோவன். நல்லாய் ஊறியிருக்கும்."

"என்னத்திலை ஊறியிருக்கும்," என்று கேட்டான் அல்பேர்ட்.

அவன் அவளையே பார்த்தான். கோபம் இல்லை. தேத்தண்ணி நல்லாய் இருக்கிறது என்று சொல்ல மறந்துபோய், பிறகு நினைவு வந்து பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"சொன்ன சொல்லுச் சொன்னதுதான்," என்று சட்டைப் பையில் இருந்து இடக் கையால் திறப்பை எடுத்தான். "இந்தா தம்பி. ஒட்டுசுட்டான் தாண்டினால் ஹோண் அடிக்காதை. யானை நிண்டால் லைற்றைக் குறைச்சுப்போட்டு நில். மாங்குளத்திலை பெண்டுகள் இறங்கோணும் எண்டு நிப்பினம், நீயாய் நிப்பாட்டு, அவை வெக்கத்திலை கேக்காயினம்."

"ஓம் மாமா."

"பக்கத்துச் சீற் எனக்கு. ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை."

"ஓம் மாமா."

கிணற்றடியில் டக்சாயினி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, குழந்தையின் காலைக் கழுவத் தொடங்கினாள். அந்தக் காலில் அழுக்கு இருக்கவில்லை. வாளித் தண்ணீர் முடிந்த பிறகும் கழுவிக்கொண்டு நின்றாள்.

அல்பேர்ட் போய்க் கதிரையில் இருந்தான். றோஸ்மேரி பின்னால் போய், அவன் கழுத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். தட்டியவள் அவன் வலக் கையைக் கண்டாள். கறுப்புத் தீற்றலும், அதற்குள்ளே சிவந்து பொங்கியிருந்த தோலும். நட்டு அசையாமல் ஒயில் எங்கே இருந்து வரும். அவள் எழுதப் படிக்கக் கொஞ்சம்தான் தெரிந்தவள், ஆனால் அதைப் படிக்க அவளுக்கு நேரம் செல்லவில்லை. அந்தக் கையைச் சேலைத் தலைப்பால் சுற்றி, தன் இரண்டு கைக்கும் இடையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் மணலில் இருந்துவிட்டாள்.

"டிலக்ஸன், நீ கழட்டு," என்றான் அல்பேர்ட். "நல்ல இறுக்கம். கவனமாய்ப் பார்."

டிலக்ஸன் குழிக்குள் இறங்கினான். நான் திரும்பவும் படுத்து லைற்றைக் கொளுத்தினேன். அவன் களப்பில் தோணி தள்ளுகிறவன், கை உலக்கை மாதிரி. சாவியை மாட்டி, பல்லைக் கடித்து, தோளைக் குலுக்கி, மாமனாரால் ஏலாத நட்டை இழுக்க ஆயத்தம் எடுத்தான். சாவியில் கை வைத்ததும் நட்டு தன்பாட்டில் திரும்பியது.

அவன் என்னைப் பார்த்தான். நான் லைற்றைப் பார்த்தேன். அவன் நட்டைப் பார்த்தான், அதற்குக் கீழே குழி மணலில் காயாமல் கிடந்த கறுப்புச் சொட்டுகளைப் பார்த்தான். அவனை நாங்கள் மந்தன் என்றுதான் நினைத்திருந்தோம். அவன் ஒயில் கசியாதபடி நட்டை ஒரு விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். பிறகு முனகத் தொடங்கினான்.

நல்ல முனகல். தோணி தள்ளும்போதுகூட அவன் அப்படி முனகி நான் கேட்டதில்லை. "அம்மா," என்றான். "ஐயோ, என்ன இறுக்கமடா," என்றான். காலால் வானின் இரும்பை உதைத்தான். மூச்சு வாங்கினான், இளைத்தான், திரும்பவும் தொடங்கினான். படலையடியில் நின்ற இரண்டு பேரும் கிட்டே வந்து பார்த்தார்கள். அன்னபாக்கியம் மாதாவே என்று நெஞ்சில் கை வைத்தாள். "அல்பேர்ட்டாலை ஏலாதது எண்டால் சும்மாவே," என்று அவளுடைய புருசன் தலையை ஆட்டினான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். டிலக்ஸனின் முகத்தில் உண்மையாகவே வியர்வை வந்துவிட்டது. வியர்வையோடு வேறு ஏதோவும் கலந்து ஓடியது, குழிக்குள் துடைக்க அவனுக்குக் கை இல்லை.

கதிரையில் இருந்து அல்பேர்ட் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"காணும் தம்பி, நிப்பாட்டு," என்றான் கடைசியில். "உது அவ்வளவு இறுக்கமில்லை. ஒயில் ஆறமுந்தி வடிய விடு."

டிலக்ஸன் விரலை எடுத்தான்.